களத்திலிருந்து மனைக்கு



இலக்கியத்தின் பொருட்டு நிறுவப்பெற்ற ஓர் அறக்கட்டளையின் மேடையில் திரைப்படம் ஒன்றைப் பற்றிப் பேச நான் முன்வந்தது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். போருக்குச் செல்பவனைப் பாடிய புலவர்கள் எண்ணிலர். போரில் மாண்டவனைப் பாடியவர்களும் அவ்வாறே. உறுப்பிழந்து மீண்டவன் தன் வீட்டு வாயிற்படியில் கால் வைக்கும் அந்த ஒரு கணத்தை முழு மனத்தோடு சித்திரித்தவர்களோ எந்நாட்டிலும் மிகச் சிலரே. அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க ஒருவர் எழுதுகோலைப் பிடியாது காமிராவைக் கையாண்டவர் என்ற காரணத்தினாலேயே இத்தலைப்பை நான் மனமாரத் தேர்ந்துகொண்டேன். 1946-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயார்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பெற்றதும், வில்லியம் வைலர் இயக்கியதும், சாமுவேல் கோல்ட்வின் தயாரித்ததுமான ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ என்னும் அமெரிக்கப் படமே இன்று நம் ஆராய்ச்சிக்குரிய பொருளாகும்.

இப்படத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. கையிழந்த இளைஞன் எவ்வாறு வாழக் கற்றுக்கொண்டான் என்பதைக் காட்டும் படமாகவே இதனைப் பலரும் போற்றி வந்திருக்கின்றனர். அவன் கற்க வேண்டியதை எல்லாம் கற்று முடித்த பின்னரே படம் தொடங்குகிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. கற்க வேண்டியவர்கள் அவனுடைய தாயும், தந்தையும், தங்கையும், அடுத்த வீட்டாரும், திரையரங்கின் இருளில் அமர்ந்திருக்கும் நாமும் ஆவோம். அவர்களுக்கும் நமக்கும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் பொறுமையாகப் பாடம் நடத்துவதே வைலரின் கலை.

படம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், விடுமுறையில் ஊர் திரும்பும் மரைன் படை வீரர்களின் மனக்கலக்கத்தைப் பற்றி ‘டைம்’ பத்திரிகையில் வெளிவந்த கட்டுரை ஒன்றைக் கோல்ட்வினின் மனைவி பிரான்சிஸ் படித்துத் தம் கணவரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். கோல்ட்வின் எழுத்தாளர் மெக்கின்லி கான்டரை அழைத்துத் திரைக்கதைக்குரிய கரு ஒன்றை எழுதித் தருமாறு வேண்ட, அவரோ ‘குளோரி ஃபார் மீ’ என்ற பெயரில் செய்யுள் வடிவில் ஒரு முழு நவீனத்தையே எழுதி அளித்தார். அதனைத் திரைக்கேற்ப அமைத்தவர் நாடகாசிரியர் ராபர்ட் ஷெர்வுட். போர்க்களத்துக்குச் சென்று மீண்டிருந்த வைலரும் முழு உடலோடு திரும்பியவர் அல்லர். இத்தாலியில் போர் விமானம் ஒன்றிலிருந்து படமெடுத்துக்கொண்டிருக்கையில் எந்திரத்தின் பேரிரைச்சலால் ஒரு காதின் கேட்கும் திறனை அவர் அறவே இழந்திருந்தார். ஊனத்துடன் வீடு திரும்புவதன் பொருளைத் தம் உடலிலேயே அறிந்த ஒருவர் இயக்கிய படம் இது என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கான்டரின் நூலில் வரும் ஹோமர் என்னும் கப்பற்படை இளைஞன் கைகளை இழந்தவன் அல்லன். மூளையில் ஏற்பட்ட காயத்தினால் அங்கங்கள் தன் வசமின்றி இழுத்துக்கொள்ளும் துன்பத்துக்கு ஆளானவன். அதனை ஒரு நடிகர் நடிக்கப் புகுந்தால், பார்ப்போர் மனத்தில் ஹோமரின் துயரத்தைக் காட்டிலும் நடிகரின் திறமையே முன் நிற்கும் என்று வைலர் அஞ்சினார். அவ்வேளையில் இராணுவத்தார் தயாரித்த ‘டைரி ஆஃப் எ சார்ஜண்ட்’ என்ற செய்திப்படம் ஒன்று அவர் பார்வைக்கு வந்தது. இரு கைகளையும் இழந்த ஹெரால்ட் ரஸ்ஸல் என்ற சிப்பாய், எஃகுக் கொக்கிகளைக் கொண்டு அன்றாடக் காரியங்களைச் செய்யப் பழகுவதை அப்படம் காட்டியது. வைலர் கதையை மாற்றினார். ரஸ்ஸலையே ஹோமராக ஆக்கினார். கோல்ட்வின் அவரை நடிப்புப் பயிற்சிக்கு அனுப்பிவைத்ததை அறிந்தபோது வைலர் சினங்கொண்டு அப்பயிற்சியை நிறுத்தச் செய்தார் என்பர். அச்சினத்தின் நியாயம் படத்தைப் பார்க்கையில் விளங்கும்.

ரஸ்ஸலின் வரலாற்றில் என் உள்ளத்தை நெடுநாள் உறுத்திய செய்தி ஒன்றுண்டு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1914-இல் பிறந்து, தந்தை இறந்தபின் சிறுவயதிலேயே மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, அங்காடி ஒன்றில் வேலைபார்த்து வந்த அவர், பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டவுடன் படையிற் சேர்ந்தார். 1944 ஜூன் 6 அன்று, நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அதே நாளில், அவர் இருந்ததோ வட கரோலினாவின் பயிற்சி முகாம் ஒன்றில். வெடிமருந்தைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக அவர் நின்றுகொண்டிருக்கையில், பழுதுபட்ட திரி ஒன்றினால் கையிலிருந்த டி.என்.டி. வெடித்தது, இரு கைகளும் போயின. பகைவன் ஒருவனையும் அவர் கண்டதில்லை. உலகம் முழுவதும் வீரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாளில், வீரம் என்று பெயரிட்டுப் பெருமை கொள்ளவும் இடமில்லாத ஒரு விபத்தினால் அவர் வாழ்வு திசைமாறியது.

திரைக்கதையும் இந்த உண்மையை மறைக்க முயலவில்லை. ஹோமர் தன் நண்பர்களிடம் கூறும் வரலாறு எத்துணை அடக்கமானது! கப்பலின் அடித்தளத்துப் பழுதுபார்க்கும் கூடத்திலேயே தான் வேலை செய்ததாகவும், எதிரியின் முகத்தைப் பார்த்ததே இல்லை என்றும், கப்பல் மூழ்கியபோது தீயும் வெடியும் சூழ்ந்தது மட்டுமே நினைவிலிருப்பதாகவும், விழித்தபோது கைகள் இல்லை என்றும் அவன் சொல்கிறான். நம் சங்கச் சான்றோர் மார்பில் ஏற்ற புண்ணை அணிகலனாகக் கொண்டாடினர். புறப்புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் நீத்தான். எந்திர யுத்தத்தில் புண்ணுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எங்கிருந்தோ வந்த நெருப்பு எவனுடைய உறுப்பையோ கொண்டுபோகிறது. புகழ் என்ற மருந்தும் கிட்டாத அந்தப் புண்ணோடுதான் ஹோமர் ஊர் திரும்புகிறான்.

அவனுடைய கொக்கிகளைப் பற்றி இங்கே சிறிது விரிவாகச் சொல்வது அவசியம். டேவிட் டாரன்ஸ் என்ற அமெரிக்கர், தாமே கையை இழந்தவர், 1912-இல் காப்புரிமை பெற்ற பிளவுக்கொக்கியின் வழிவந்த கருவி அது. தோள்களைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை. அதிலிருந்து கையின் வழியே இறங்கும் ஓர் எஃகுக் கம்பி. தோளை முன்னே தள்ளும்போது கம்பி இழுபட்டுக் கொக்கியின் ஓர் அலகு விரிகிறது. தோளைத் தளர்த்தினால் ரப்பர் வளையங்கள் அதனை மீண்டும் மூடிவிடுகின்றன. இறுகப் பற்றும் வலிமை அந்த வளையங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தோற்றத்துக்குக் கை போன்றே இருக்கும் நெகிழிக் கைகளும் அக்காலத்தில் கிடைத்தன. மருத்துவமனையில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வாய்ப்பிருந்தபோது ரஸ்ஸல் கொக்கிகளையே தேர்ந்தார். பிறர் கண்ணுக்கு இதமானதை விடுத்துத் தமக்குப் பயன்படுவதைக் கைக்கொண்ட அந்தத் தீர்மானம், படத்தின் ஒவ்வொரு காட்சியிலும் மறைமுகமாகப் பேசுகிறது என்றே நான் கருதுகிறேன்.

விமான நிலையத்தில் படிவம் ஒன்றில் கையெழுத்திட வேண்டிய வேளையில், மற்றவர் உதவிக்கு முற்பட, ஹோமர் தானே எழுதுகோலைப் பற்றிக் கையெழுத்திடுகிறான். விமானத்தில் தீக்குச்சியைக் கிழித்துத் தோழர்களின் சிகரெட்டுக்கு நெருப்பு வைக்கிறான். உடன்வரும் இருவரும், வங்கி அதிகாரியாக இருந்து காலாட்படை சார்ஜண்டான ஆல் ஸ்டீவன்சனும், மருந்துக்கடையில் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்து விமானப்படைக் காப்டனான ஃப்ரெட் டெர்ரியும், முதற்கணத்தில் திகைத்து, மறுகணத்தில் அக்கொக்கிகளை மறந்துவிடுகின்றனர். போரில் உடனிருந்தவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. இந்த இயல்பான நட்பை வைலர் முதலில் நமக்குக் காட்டிவிடுவதன் நோக்கம், அடுத்து வரும் வீட்டுக் காட்சியில் புலனாகிறது.

மூவரையும் ஏற்றிவரும் வாடகைக் கார் ஹோமரின் வீட்டை அணுக அணுக, அவனுடைய பேச்சு தளர்கிறது; வீட்டுக்குச் செல்லுமுன் சற்று வேறெங்கேனும் போகலாமே என்கிறான். கார் நிற்கிறது. சிறு தங்கை லுவெல்லா அவனைக் கண்டு கூவிக்கொண்டே அவன் காதலியான அடுத்த வீட்டு வில்மாவை அழைக்க ஓடுகிறாள். பெற்றோர் வெளியே வருகின்றனர். வில்மா ஓடிவந்து அவனை அணைத்துக்கொள்கிறாள். அவனுடைய கரங்களோ இருபுறமும் அசையாது தொங்குகின்றன. பின்பு, நண்பர்களுக்கு விடைகொடுக்க அவன் திரும்பிக் கையை உயர்த்துகிறான். அதுவரை கொக்கிகளைப் பார்த்திராத தாயின் தொண்டையிலிருந்து ஒரு விம்மல் எழுகிறது, எழுந்தவுடன் அடக்கப்படுகிறது. அவ்வளவே காட்சி. காரில் திரும்பிச் செல்லும் ஆல், அப்பையனுக்குக் கொக்கிகளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்த கடற்படையால் காதலியைத் தழுவக் கற்றுக்கொடுக்க முடியவில்லையே என்ற பொருள்பட ஒரு வார்த்தை சொல்கிறான்.

அன்று மாலை இரு குடும்பங்களும் கூடியிருக்கும் கூடத்தில் நிகழ்வதைத் துன்பத்தின் உச்சம் என்று நான் சொல்வேன். எல்லோரும் அன்பானவர்கள், ஒருவரும் கடுஞ்சொல் சொல்லவில்லை, அவனுடைய எதிர்காலத்தைப் பற்றி உபதேசம் செய்கிறார்கள், குடிக்கப் பானம் கொடுக்கிறார்கள், தீக்குச்சியையும் எழுதுகோலையும் கொக்கியால் எளிதாகக் கையாண்டவன், அத்தனை கண்களின் முன்னே ஒரு கண்ணாடிக் குவளையைப் பற்ற முடியாமல் தடுமாறுகிறான். அங்கிருந்து தப்பித் தன் மாமன் புட்ச் நடத்தும் மதுக்கூடத்துக்கு வந்தவன் சொல்லும் குறை மிகவும் ஆழ்ந்தது: வீட்டார் ஒன்று கொக்கிகளை உற்றுப் பார்க்கிறார்கள், இல்லையேல் வேண்டுமென்றே கண்களை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்கிறான். உற்றுப் பார்ப்பதும் பாராமல் இருப்பதும் அவனைப் பொறுத்த வரையில் ஒரே காயத்தைத்தான் செய்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது ஒரு பார்வை உண்டா என்பதே இப்படத்தின் வினா.

அவ்வினாவுக்கு விடை தேடும் பாதை, விறகுக் கொட்டகைக் காட்சியில் மிகவும் கரடுமுரடாகிறது. தனிமையை நாடிக் கொட்டகையில் அமர்ந்து துப்பாக்கிக் குறி பயிலும் ஹோமரைக் காண வில்மா வருகிறாள்; அவர்கள் மனம்விட்டுப் பேசத் தொடங்கும் வேளையில், ஜன்னலுக்கு வெளியே தங்கையும் அவளுடைய விளையாட்டுத் தோழர்களும் ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கின்றனர். குழந்தைகளின் ஆவலில் தீங்கேதும் இல்லை. ஆயினும் அடக்கி வைத்த அனைத்தும் ஒருங்கே வெடிக்க, ஹோமர் இரண்டு கொக்கிகளையும் ஜன்னல் கண்ணாடிக்குள் குத்தி நுழைத்து, பாருங்கள், நன்றாகப் பாருங்கள் என்று அலறுகிறான். கண்ணாடி நொறுங்குகிறது. கருணைக்குரியவனாக மட்டுமே ஊனமுற்றவனைக் கதைகளில் காட்டிப் பழகிய அக்காலத்தில், அவனுக்குக் கோபப்படும் உரிமையும், நியாயமில்லாமல் கோபப்படும் உரிமையும்கூட உண்டு என்று ஒப்புக்கொண்ட பெருந்தன்மை இக்காட்சியில் இருக்கிறது.

இனி, படத்தின் உயிர்நிலையான படுக்கையறைக் காட்சிக்கு வருகிறேன். இரவுதோறும் தந்தைதான் ஹோமரின் வார்ப்பட்டையைக் கழற்ற உதவிவந்தவர். வில்மாவை ஊரைவிட்டு வெளியே அனுப்பிவிட அவள் பெற்றோர் எண்ணுகின்றனர். அவள் அவனிடம் நேரே வந்து கேட்கிறாள். ஹோமர் அவளை மாடிக்கு அழைத்துச் செல்கிறான். தான் எத்தகையவன் என்பதை அவள் கண்ணாரக் காணட்டும் என்பதே அவன் நோக்கம். வார்ப்பட்டையையும் கொக்கிகளையும் அவன் தானாகவே கழற்றிக் கட்டிலில் விடுகிறான். எஞ்சிய கைகளைக் கொண்டு இரவுச் சட்டைக்குள் நுழைந்துகொள்கிறான். பொத்தான் போட அவனால் இயலாது. இந்நிலையில் கதவு மூடிக்கொண்டால் திறக்க முடியாது, அழுதுதான் உதவி கேட்க வேண்டும் என்று நிதானமாக, வழக்கறிஞர் ஒருவர் தமக்கு எதிராகவே வழக்குரைப்பது போல, அவன் எடுத்துச் சொல்கிறான். வில்மா கேட்கிறாள், பார்க்கிறாள், முகத்தைத் திருப்பவில்லை, உறுத்தும் பரிவும் காட்டவில்லை. பொத்தானைப் போட்டுவிடுகிறாள், போர்வையைச் சரிசெய்கிறாள், தன் அன்பைச் சொல்கிறாள். இங்கே வைலர் காமிராவை ஒரு பணிவோடு வைத்திருக்கிறார். கைகளின் எச்சத்தை நம் கண் முன்னே பெரிதாக்கிக் காட்டவும் இல்லை, நிழலில் ஒளிக்கவும் இல்லை. நாம் தேடிய மூன்றாவது பார்வை இதுவே; வில்மாவின் கண்களும் காமிராவின் கண்ணும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

நம் இலக்கணம் இக்காட்சிக்குரிய இடத்தை முன்பே வகுத்து வைத்திருக்கிறது. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் நெருங்காதவாறு மனைவி காத்து நிற்பதைத் தொடாக்காஞ்சி என்னும் துறையாகத் தொல்காப்பியம் கூறுகிறது. அரிசில் கிழார் பாடிய புறப்பாட்டு ஒன்றில் வேப்பிலை செருகிய மனையில், யாழிசையும் நறும்புகையும் சூழ, பெண்டிர் அவ்வாறு காப்பதைக் காண்கிறோம். வில்மா காப்பது இரத்தம் உலராத புண்ணை அன்று. அவனை நெருங்கும் பேய், தான் பிறருக்குச் சுமை என்ற எண்ணம். அந்த அளவில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய நம் துறையும் இந்த அமெரிக்க வீட்டின் மாடியறையும் ஒரே உண்மையின் இரு கோடிகளாக எனக்குத் தோன்றுகின்றன.

கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவைப் பற்றி அறிஞர்கள் நிரம்ப எழுதியிருப்பதால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். அண்மையிலுள்ளதும் சேய்மையிலுள்ளதும் ஒரே தெளிவோடு தோன்றும் அவருடைய முறையை, பிரெஞ்சு விமரிசகர் ஆந்த்ரே பஸான் 1948-இல் எழுதிய கட்டுரையில் வெகுவாகப் போற்றினார். மதுக்கூடத்தில் புட்ச் துணையிருக்க ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். ஆல் அருகில் நின்று ரசிக்கிறான். அதே வேளையில் கூடத்தின் கடைக்கோடியில், தொலைபேசிப் பெட்டிக்குள் நின்று, ஆலின் மகள் பெக்கியோடு கொண்ட உறவை ஃப்ரெட் முறித்துக்கொள்கிறான். எதைப் பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார் இயக்குநர். பஸான் கூறாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன்: இக்காட்சியில் ஹோமரின் கொக்கிகள் திரையின் முன்புறத்தில் இருந்தும், நம் கண்கள் தாமாகவே அவற்றைக் கடந்து தொலைபேசியை நோக்கிச் செல்கின்றன. படத்தின் தொடக்கத்தில் அவ்வாறு கடந்து செல்ல நம்மால் இயன்றிராது.

ஆலின் கதையும் ஃப்ரெட்டின் கதையும் தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியவை. படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1944 ஜூன் மாதம் கையெழுத்திட்டிருந்தார். அதன்படி நிலம் வாங்கக் கடன் கேட்டு வரும் உழவன் ஒருவனுக்கு, ஈடு ஏதுமின்றி, அவன் கைகளின் நேர்மையை நம்பி ஆல் கடன் கொடுத்ததும், மேலதிகாரிகள் முகம் சுளித்ததும், மார்பில் பதக்கங்கள் சூடிய ஃப்ரெட் பழைய மருந்துக்கடையிலேயே மீண்டும் ஏவல் செய்ய நேர்ந்ததும், உடைத்துப் பயன்படுத்தக் குவித்து வைத்திருந்த போர் விமானங்களின் நடுவே அவன் தன் கடந்த காலத்தோடு போராடியதும், கண்ணில் நீர் வரவழைப்பவை.

எவ்வளவு போற்றினும், இப்படத்தின் குறைகளை மறைப்பது ஆராய்ச்சிக்கு அழகன்று. கறுப்பினத்துப் படைவீரர்கள் வீடு திரும்பிய கதைக்கு இதில் இடமே இல்லை. படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின் நன்மைகளும் அவர்களுக்கு வெள்ளையருக்குக் கிடைத்த அளவில் கிட்டவில்லை என்பது வரலாறு. மனம் பேதலித்துத் திரும்பியவர்களை மருத்துவமனையிலேயே படமெடுத்த ஜான் ஹஸ்டனின் ‘லெட் தேர் பி லைட்’ அதே 1946-இல் முடிவுற்றும், இராணுவம் அதனை 1980 வரை பொதுமக்களுக்குக் காட்ட விடவில்லை. ரஸ்ஸலின் கொக்கிகளை ஊரறியக் காட்டிய அரசு, கண்ணுக்குத் தெரியாத காயத்தை மட்டும் பூட்டிவைத்தது. வைலரின் படத்தில் ஃப்ரெட் காணும் கொடுங்கனவுகள் அந்தக் காயத்தை ஓரளவு தொட்டுச் செல்கின்றன.

இவற்றினும் எனக்குப் பெரிதாகப் படும் குறை ஹோமரின் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஆலுக்கு வேலை உண்டு. ஃப்ரெட்டுக்கு இறுதியில் வேலை கிடைக்கிறது. ஹோமருக்கு விவாகம் நடக்கிறது. கொக்கியால் மோதிரத்தை எடுத்து வில்மாவின் விரலில் அவன் அணிவிப்பதை எத்தனை முறை கண்டாலும் நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் அவன் என்ன தொழில் செய்வான், அவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார் என்று படம் நின்று கேட்கவில்லை. அரசாங்கத்தின் உதவித்தொகையும் ஒரு பெண்ணின் அன்பும் போதும் என்று அமைதியடைகிறது. வாழ்நாள் முழுவதும் இரவுதோறும் அந்த வார்ப்பட்டையைக் கழற்றிவைக்கப் போகிறவளின் களைப்பையும் அது எண்ணிப் பார்க்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1950-இல், பிரெட் ஸின்னமன் இயக்கிய ‘தி மென்’ படத்தில், இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த வீரனாக மார்லன் பிராண்டோ நடித்தபோதுதான், திருமண மாலைக்கு மறுநாள் தொடங்கும் இல்லறத்தின் கசப்பு திரையில் தலைகாட்டியது.

படம் விட்ட அந்த வினாவை ரஸ்ஸல் தம் வாழ்க்கையில் எடுத்துக்கொண்டார். 1947-இல் துணை நடிகருக்கான ஆஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது; அவ்விருது கிட்டாமற் போகலாம் என்றெண்ணிய அகாதெமியினர், சக வீரர்களுக்கு நம்பிக்கையும் துணிவும் ஊட்டியமைக்காக வேறொரு சிறப்பு விருதையும் அன்றே வழங்கினர்; ஒரே வேடத்துக்கு இரு ஆஸ்கார் பெற்றவர் அவர் ஒருவரே. அவர் திரையுலகில் தங்கவில்லை. படைவீரர் சங்கங்களில் உழைத்தார். 1964-இல் ஜனாதிபதி ஜான்சன், ஊனமுற்றோருக்கு வேலைவாய்ப்புத் தேடித் தரும் தேசியக் குழுவின் தலைவராக அவரை நியமித்தார். நெடுங்காலம் அப்பதவியில் இருந்து, ஊனத்தைப் பார்க்காமல் திறமையைப் பாருங்கள் என்று முதலாளிமாரிடம் மன்றாடினார். மனைவியின் மருத்துவச் செலவுக்காக என்று சொல்லி 1992-இல் நடிப்புக்கான ஆஸ்கார் சிலையை அவர் ஏலத்தில் விற்றபோது அகாதெமி அதனை விரும்பவில்லை. 60,500 டாலருக்கு அது விலைபோயிற்று. ஒரு தேசம் இருமுறை கௌரவித்த மனிதர் முதுமையில் அவ்வாறு செய்ய நேர்ந்ததைக் குறை கூறியவர்கள், அந்நிலைக்கு அவரை விட்டவர்களைக் குறை கூறியிருந்தால் பொருத்தமாயிருந்திருக்கும் என்பதே என் துணிபு. மற்றொரு சிலையை அவர் விற்கவில்லை. 2002 ஜனவரியில், 88-ஆம் வயதில், அவர் காலமானார்.

ரஸ்ஸல் முதலாளிமாரிடம் மன்றாடியதையே சட்டமாக்கி, தகுதியுடைய ஒருவரை ஊனத்தைக் காரணங்காட்டி வேலைக்கு மறுப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்றும், அவர் வேலை செய்வதற்கு ஏற்ற நியாயமான வசதிகளை முதலாளியே செய்து தர வேண்டும் என்றும் விதித்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் 1990 ஜூலையில் கையெழுத்தாயிற்று. ஹோமர் வில்மாவுக்கு மோதிரம் அணிவித்த காட்சி திரைக்கு வந்து அப்போது நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. ரஸ்ஸலுக்கு வயது 76.